காலுக்குள் ஒரு பறவை

என் வீட்டுக்காரர் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார். பஸ் நிறுத்தத்தில் நின்றால் போகிற வருகிறவர்களின் கால்களையெல்லாம் கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டிருப்பார். ஒருமுறை ஒரு அம்மா செருப்பைக் கையில் எடுத்தே விட்டாள். நான் நடுவில் புகுந்து, "கால் செய்ற தொழில்ங்க இவருக்கு, தப்பா நினைக்காதீங்க" என்று கெஞ்சிக் கூத்தாடி இவரை இழுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் திட்டினேன். கடைசியில் இவர் என்னைப் பார்த்து, "அந்தம்மாவுக்கு வலது இடுப்பு லேசா ஏறியிருக்கு, கவனிச்சியா?" என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

தெருவில் இவருக்குப் பெயர் கால்காரர். இவர் செய்வது செயற்கைக் கால். அதற்கு முன்னால் துணிக்கடைப் பொம்மை செய்துகொண்டிருந்தார். கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி நிற்குமே, அந்தப் பொம்மைகள்தான். எனக்கு இவரைப் பேசி முடித்தபோது, "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறார்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. பொம்மை செய்கிறார் என்றால் குழந்தைகள் விளையாடுகிற பொம்மை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆள் உயரப் பொம்மை என்றால் சிரிப்பார்கள்.

பொம்மைப் பட்டறையை மூடிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே ஓர் அறக்கட்டளை இலவசமாகக் கால் செய்து கொடுக்கும் பட்டறையைத் திறந்தது. அச்சு எடுக்கவும் பிசின் ஊற்றவும் தெரிந்த கை வேண்டும் என்றார்கள். இவர் போனார். அவர்களே சில மாதம் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"என்னங்க, பல்லெல்லாம் தெரியுது?" என்றேன்.

"இன்னைக்கு ஒருத்தர் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டிட்டாரு. காலு உரசுதாம். இத்தனை வருஷமா பொம்மை செஞ்சேன், ஒரு பொம்மையாவது வலிக்குதுன்னு சொல்லியிருக்கா?"

திட்டு வாங்கியதற்குச் சந்தோஷப்பட்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவருக்கு வேறு எந்த வேலையும் வேலையாகப் படவில்லை.

அறக்கட்டளை ஒரு பெரும் பணக்காரருடையது. சிமெண்ட் ஆலை, கப்பல், ஓட்டல் என்று அவருக்கு இல்லாதது இல்லை. அவர் சொத்துக்கு எத்தனை பூஜ்யம் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. எல்லோரும் அவரைப் பெரியவர் என்றே சொல்வார்கள். சிறகு விரித்த ஒரு பறவை அவருடைய சின்னம், அதன் கீழே அவர் பெயர் இருக்கும். பட்டறையின் வாசலில் பறவை, தண்ணீர்த் தொட்டியில் பறவை, நாற்காலி முதுகில் பறவை, கழிவறைக் கதவில்கூடப் பறவை. ஒவ்வொரு காலிலும் ஆடுசதை இருக்கும் இடத்தில் அதே பறவை. மெல்லிய துணியில் அச்சடித்து வரும். அதைக் காலின் மேல் ஒட்டி, மேலே ஒரு பூச்சுப் பிசின் ஊற்றிவிட்டால் காலோடு காலாக இறுகிவிடும். சுரண்டி எடுக்கப் போனால் காலே பலவீனமாகிவிடும்.

சாப்பாடு கொடுக்கப் போகும்போதெல்லாம் நான் அங்கே பார்த்திருக்கிறேன். இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு பாதை, அதன் முடிவில் ஆள் உயரக் கண்ணாடி. ஒருநாள் என் வயதுப் பெண் ஒருத்தி புதுக் காலோடு முதல் தடவையாகக் கண்ணாடி வரைக்கும் நடந்து போனாள். போனவள் காலைப் பார்க்கவில்லை. முடியைச் சரி செய்துகொண்டாள். அந்தப் பெரியவர் நன்றாக இருக்கட்டும் என்று நானும் அன்றைக்கு மனதார நினைத்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் தம்பியின் கால் போனது. போனது அந்தப் பெரியவரின் சிமெண்ட் ஆலையில்.

ஆலைக்குள்ளே தரையோடு தரையாக வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் உண்டு. அதற்குள் நீளமான இரும்புத் திருகு ஒன்று சுற்றிச் சுற்றிச் சிமெண்ட் பொடியைத் தள்ளிக்கொண்டே போகும். ஆட்கள் அதற்கு வைத்த பெயர் பாம்பு. அதன் மேல் இரும்பு மூடி போட்டிருக்க வேண்டும். பொடி அடிக்கடி அடைத்துக்கொள்ளும், அடைத்தால் மூடியைக் கழற்றிக் கிளறிவிட வேண்டும். கழற்றிக் கழற்றி மாட்டினால் வேலை தாமதமாகிறது என்று மூடிகளை ஒரேயடியாகக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டார்கள். ஆட்கள் பள்ளத்தைத் தாண்டித் தாண்டித்தான் போவார்கள், வருவார்கள். தம்பி தாண்டும்போது தரையில் கிடந்த பொடி வழுக்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் ஓடினோம். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறேன். என் வீட்டுக்காரர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, முட்டி தப்பிச்சிடுச்சு" என்றார். அந்த நிமிஷம் அவரை அங்கேயே அடித்திருப்பேன். முட்டி இருந்தால் நடந்துவிடலாம், முட்டி போனால்தான் கஷ்டம் என்பதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்? தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம் இருந்தது.

ஆலையில் கவனக்குறைவு என்று சொன்னார்கள். அதாவது அவனுடைய கவனக்குறைவு. ஏதோ கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அம்மா அப்பா இல்லாத பையன், இன்னும் கல்யாணமும் ஆகவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன். நான் துணி தைத்துச் சம்பாதிப்பவள். அவனுடைய பேண்ட் எல்லாவற்றிலும் இடது காலை மடித்து என் கையாலேயே தையல் போட்டேன். எத்தனையோ பேர் துணியைக் குறைத்துத் தைத்திருக்கிறேன், போட்ட தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்டது அப்போதுதான்.

இனிமேல்தான் வேடிக்கை. ஊருக்கெல்லாம் கால் செய்கிறவர் வீட்டில் ஒரு காலில்லாத மச்சான். ஆனால் அவன் கால் வேண்டாம் என்கிறான்.

"மாப்ள, புண்ணு ஆறிடுச்சு. வா, அச்சு எடுக்கலாம்" என்பார் இவர்.

"அந்தப் பறவையோடவா?"

"பேண்ட்டுக்குள்ள இருக்கப்போறதுதானே. யாருக்குடா தெரியும்?"

"எனக்குத் தெரியும் மாமா."

"சட்டை காலர்ல கடைக்காரன் பேர் போட்டிருக்கான். நீ போட்டுக்கல?"

"சட்டைக்காரன் என் தோலை உரிச்சிட்டுச் சட்டை குடுக்கலியே."

இப்படித்தான் நாள் தவறாமல் நடக்கும். நான் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பேன். மனசுக்குள் நான் தம்பி பக்கம்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: "ஏங்க, காலை எடுத்தவனே கால் குடுத்தா அதுக்குப் பேரு தர்மமா? ஊரே அந்தாளைக் கும்பிடுது. எனக்கு வயிறு எரியுது."

இவர் சாப்பிடுவதை நிறுத்தினார். கோபப்படும் ஆள் இல்லை. "நீ சொல்றது நியாயம்தான். ஆனா அந்தப் பணத்துல அவரு இன்னொரு கப்பல் வாங்கியிருக்கலாம்ல? வாங்கலையே. நேத்து ஒரு லாரி டிரைவர் எங்கிட்ட கால் வாங்கிட்டுப் போனாரு. அவரு காலை எடுத்தது பெரியவர் இல்ல, சர்க்கரை வியாதி. அவருக்குப் பெரியவர் இல்லேன்னா யாரு குடுப்பா? நீ குடுப்பியா, நான் குடுப்பேனா?"

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். பாத்திரத்தை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பயந்ததைப் பார்த்து எனக்கும் பயம் வந்துவிட்டது. தம்பி நாள் முழுக்கக் காலை மடக்கியே உட்கார்ந்திருந்தான். நீட்டி மடக்கிப் பழகச் சொன்னால் காதில் வாங்க மாட்டான். "முட்டி மடங்குன வாக்குலயே இறுகிக்கிட்டு வருது. இப்படியே விட்டா அப்புறம் நீட்டவே வராது. எந்தக் காலும் சேராது. ஆயுசுக்கும் கக்கத்துல கட்டையோடதான்" என்றார் என்னிடம் தனியாக. இதே தம்பி ஒரு காலத்தில் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்து மேட்டில் மிதித்துக்கொண்டே என்னைக் கிண்டலும் செய்வான். "அக்கா, நீ சாப்பிடறதைக் கொஞ்சம் குறை, சைக்கிள் அழுவுது" என்பான். இப்போது ஜன்னலுக்கு வெளியே நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சிரிப்பு என்பதே மறந்துபோன முகம்.

இவர் ஒருநாள் அவன் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"பறவை உன் கண்ணுல படாம செஞ்சு தரேன். அப்ப போட்டுப்பியா?"

தம்பி ஜன்னலிலிருந்து திரும்பினான். "நிஜமாவா மாமா?"

"நிஜமாத்தான்."

அச்சு எடுத்தார். மற்றவர்களுக்குச் செய்கிற காலும் நல்ல கால்தான், ஆனால் இதற்கு அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். தூக்கத்தில்கூடக் கட்டைவிரலால் காற்றில் எதையோ தடவிப் பார்ப்பார். கால் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் தம்பியின் பேண்ட் ஒன்றில் போட்டிருந்த தையலைப் பிரித்தேன். அவன் காலை மாட்டி, சுவரைப் பிடித்து எழுந்து, முதலில் ஒரு கையை விட்டான், பிறகு இன்னொரு கையையும் விட்டான். முன்னறையிலிருந்து சமையலறைக்கு நடந்து வந்தான். வந்து என்ன கேட்டான் தெரியுமா? "தண்ணி குடுக்கா" என்றான். அவனே எடுத்துக் குடித்திருக்கலாம், குடம் அவன் பக்கத்தில்தான் இருந்தது. நான் கொடுத்தேன்.

அந்த வாரம் எங்கள் வீடு வீடாக இருந்தது. தம்பி தெருமுனைக் கடைக்குப் போனான், வந்தான், மறுபடியும் போனான். வேண்டாத சாமானெல்லாம் வாங்கி வந்து அடுக்கினான். முட்டியும் நீள ஆரம்பித்தது.

காலின் உள்பக்கம் வியர்க்கும், அதை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அதை என் வீட்டுக்காரரேதான் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பாசம் பாருங்கள் என்று நான் உருகிப்போனேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் இவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு தம்பியே துணியை எடுத்தான். வெளிச்சத்தில் காலைச் சாய்த்து உள்ளே பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பறவை உள்ளே இருந்தது. சதை வந்து பொருந்துகிற அந்தக் குழியின் சுவரில், சிறகை விரித்துக்கொண்டு, கீழே பெயரோடு.

சாயங்காலம் இவர் வந்ததும் தம்பி காலைத் தூக்கி அவர் முன்னால் போட்டான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலை.

"வெளிய இருந்திருந்தா ஊர்தான் பாத்திருக்கும். நீங்க கொண்டுபோய் என் புண்ணு மேலயே அவன் பேரை ஒட்டியிருக்கீங்களே மாமா."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. "பறவை இல்லாத காலை வெளிய விட மாட்டாங்கடா. போட்டோ எடுத்துத்தான் அனுப்புவாங்க. மேனேஜரம்மா ஏன் உள்ளன்னு கேட்டாங்க. வெளிய இருந்தா தேயுது, உள்ள இருந்தா அழியாதுன்னு சமாளிச்சேன். பொம்மைப் பட்டறையில கம்பெனிப் பேரை எப்பவும் உள்பக்கம்தான் ஒட்டுவோம். உள்ள யாருடா பாக்கப்போறாங்கன்னு..."

"பொம்மைக்கு உள்ள யாரும் இல்ல மாமா. இதுக்குள்ள நான் இருக்கேன்."

அவ்வளவுதான் பேசினான். கக்கத்துக் கட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டான். கால் கட்டிலுக்கு அடியில் போனது. நான் இவரைப் பிடித்து உலுக்கினேன். "மேனேஜரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். "கேட்டு இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா? முட்டி இறுகுதுல்ல, எனக்குப் பயம்" என்றார் சின்னக் குரலில். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் யாரைத்தான் திட்டுவது? கடைசியில் பறவையைத் திட்டினேன்.

இந்த நிலைமையில்தான் பெரியவரின் பிறந்தநாள் வந்தது. வருஷா வருஷம் அன்றைக்கு அவரே பட்டறைக்கு வந்து மேடையில் சிலருக்குத் தன் கையால் கால் கொடுப்பார். மேனேஜரம்மா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உங்க மச்சான் நம்ம ஆலை ஆள்தானே? அவரை மேடையில ஏத்தலாம். ரெண்டு வார்த்தை நன்றி சொன்னா போதும்" என்றிருக்கிறார். நல்ல பெண்தான் அவர், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவருக்கு அது ஒரு நல்ல கதையாகத் தோன்றியிருக்கிறது. இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார். "முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றார்.

ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது: "நான் வரேன்."

இவன் எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரியாதா? காலைக் கழற்றி அந்தக் கிழவர் மூஞ்சியில் வீசப் போகிறான் என்றே நினைத்தேன். வீசினால் என்ன ஆகும்? பெரிய மனுஷர்களுக்குக் கோபம் வந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். யார் கேட்க முடியும்? அவர் பணம், அவர் இஷ்டம். கண்ணாடி முன்னால் முடியைச் சரி செய்துகொண்டாளே, அந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் வேலையும் போகும். இத்தனை நாள் பெரியவரைத் திட்டிக்கொண்டிருந்த நானே தம்பியிடம் போய், "ஏதும் ஏடாகூடமா பேசிடாதடா" என்று கெஞ்சினேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீங்களாவது சொல்லுங்களேன்" என்று இவரிடம் திரும்பினேன்.

"அவன் காலு. அவன் என்ன வேணா பண்ணட்டும்" என்றார் இவர்.

பிறந்தநாளன்று பட்டறை முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். போட்டோக்காரர்கள், பூங்கொத்துகள், வெள்ளைச் சட்டைக்காரர்கள். பெரியவர் காரிலிருந்து இறங்கினார். நான் அவரை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரிய ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, காதில் மிஷின் வைத்துக்கொண்டு, தள்ளாடுகிற ஒரு கிழவர். "இடது காலை இழுத்து இழுத்து வைக்கிறாரு. சுகம் இல்லை போலிருக்கு" என்று என் காதில் சொன்னார் இவர். இந்த நேரத்திலும் காலைத்தான் பார்க்கிறார் மனுஷன்.

முதலில் போனவர்கள் கும்பிட்டார்கள், அழுதார்கள், பெரியவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதெல்லாம் நடிப்பில்லை. அவரும் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டார், வீட்டில் யார் யார் என்று கேட்டார், அதுவும் நடிப்பு மாதிரி எனக்குத் தெரியவில்லை. பிறகு தம்பியைக் கூப்பிட்டார்கள். அவன் காலை மாட்டிக்கொண்டு, பேண்ட்டை முட்டி வரைக்கும் மடித்துவிட்டு வந்திருந்தான். மேடைப் படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினான். கைதட்டினார்கள்.

பெரியவர் குனிந்து அவன் காலை லேசாகத் தட்டிப் பார்த்தார். "அருமையா இருக்கே. எங்க, சின்னத்தைக் காணோம்?" என்று சிரித்துக்கொண்டே மேனேஜரம்மாவைப் பார்த்தார். மேனேஜரம்மாவுக்கு வியர்த்துவிட்டது.

"இருக்குங்கய்யா. உள்ள இருக்கு" என்றான் தம்பி.

மைக் பிடிப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு காலைக் கழற்றினான். என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் உடைகிற சத்தம் கேட்கவில்லை, அதனால் திறந்து பார்த்தேன். தம்பி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, ஒரு பாத்திரத்துக்குள்ளே காட்டுவது போல, காலின் உள்பக்கத்தை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"காலு நல்லா இருக்குங்கய்யா. எங்க மாமா செஞ்சது. நீங்க குடுத்தது. நன்றி. மனசாரத்தான் சொல்றேன். ஆனா நான் காலை விட்டது உங்க ஆலையிலதான். அந்தத் திருகு மிஷினுக்கு மூடி இருக்கு, கழட்டிச் சுவத்தோரமா சாத்தி வச்சிருக்காங்க. இன்னைக்கும் ஆளுங்க அதைத் தாண்டித்தான் போறாங்க. அடுத்த பிறந்தநாளுக்கு இங்க இன்னொருத்தன் நிப்பான். அந்த மூடியை மட்டும் மாட்டச் சொல்லுங்கய்யா."

கிழவர் பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். "மூடி இல்லையா?" என்றார். ஒருவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றார் பெரியவர்.

"உங்களுக்குத் தெரியாதுன்னுதாங்கய்யா நான் சொல்ல வந்தேன்."

அவர் உடனே உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தில் அவர் பணக்காரராகவே தெரியவில்லை. யார் வீட்டுத் தாத்தாவோ வழி தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் தெரியாமல் இருப்பது அவ்வளவு சுலபமா என்ற கேள்வி மட்டும் போகவில்லை. கழிவறைக் கதவில் தன் பறவை இருக்கிறதா என்று பார்க்க ஆள் வைத்திருக்கிறார், பள்ளத்துக்கு மூடி இருக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை. தெரிந்துகொள்ள யாரும் அவரை விடவில்லையா, அவரே கேட்டுக்கொள்ளவில்லையா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் தம்பி காலைக் கழற்றிப் பழையபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினான். நன்றி சொன்னவன் காலைப் போட்டுக்கொள்வான் என்று நினைத்து நான் ஏமாந்துபோனேன். "மூடி மாட்டட்டும். பாக்கலாம்" என்றான். அப்புறம் நாங்கள் இருந்த இருப்பு இருக்கிறதே! இவரைக் கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று தினமும் எதிர்பார்த்தோம். மேனேஜரம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. புதிதாகக் கால் வேண்டி வந்தவர்களுக்கு, கொஞ்சம் பொறுங்கள், மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஒரு அம்மா வாசலில் உட்கார்ந்து அழுததாக இவர் வந்து சொன்னார். தம்பி அதைக் கேட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவனுடைய முட்டி மறுபடியும் இறுக ஆரம்பித்திருந்தது. இவர் தினமும் பேசாமல் போய் அவன் காலை மடியில் வைத்து நீட்டி மடக்கிவிடுவார். தம்பியும் பேசாமல் காட்டிக்கொண்டிருப்பான். பேச்சுவார்த்தை இல்லை, கால் மட்டும் நீண்டு நீண்டு மடங்கும்.

பிறகு ஒருநாள் காத்திருந்தவர்களையெல்லாம் அளவெடுக்க உள்ளே கூப்பிட்டார்களாம். எந்த விளக்கமும் இல்லை. பட்டறை பழையபடி ஓடியது. அப்பாடா என்று நான் மூச்சுவிட்டேன்.

அதே வாரம் ஆலையிலிருந்து தம்பியின் பழைய கூட்டாளி ஒருத்தன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "டேய், பாம்புக்கு மூடி போட்டுட்டாங்கடா! நீளம் முழுக்க! மூடியைத் திறந்தா மிஷின் தானா நின்னுடுதுடா!" என்று கத்திவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

தம்பி குனிந்து கட்டிலுக்கு அடியில் துழாவினான். எடுத்தான். தூசியைத் துடைத்தான். உள்ளே ஒருமுறை பார்த்தான். மாட்டிக்கொண்டான்.

"எங்கடா போறே?"

"கண்ணால பாத்துட்டு வரேன்."

பஸ்ஸில் போகச் சொன்னேன். கேட்கவில்லை. ஆலை வரைக்கும் நடந்தே போனான். அவன் வருகிற வரைக்கும் நானும் என் வீட்டுக்காரரும் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தோம். சாயங்காலம் தெருமுனையில் அவன் தலை தெரிந்தது. இவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வழக்கம்போல நடையைப் பார்த்தார். "இடது பக்கம் உரசுது. சரி பண்ணணும்" என்றார்.

"மூடி போட்டிருக்காடா?" என்று கேட்டேன்.

"போட்டிருக்குக்கா. காவலாளி தெரிஞ்ச ஆளு, உள்ள விட்டான். நல்ல கனமான இரும்பு. ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனை வரைக்கும் மூடிட்டாங்க." நிறுத்தினான். "மேல பறவை போட்டிருக்கு. பேரோட. அன்பளிப்புன்னு வேற எழுதியிருக்கு."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "சொந்த ஆலைக்கு மூடி போட்டதுக்கு அன்பளிப்பா! வெக்கமா இல்ல அவங்களுக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். தம்பி சிரித்தான். சத்தம் போட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! என் வாய் தானாக மூடிக்கொண்டது.

"விடுக்கா. அது தரையிலதானே இருக்கு. எல்லாரும் அந்தப் பேரு மேல ரெண்டு காலையும் வச்சு நடந்து போறாங்க. நானும் நடந்து பாத்தேன்."

கட்டிலில் உட்கார்ந்தான். காலைக் கழற்றினான். என்ன செய்யப் போகிறானோ என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அதை இவரிடம் நீட்டினான்.

"உரசுது மாமா. கொஞ்சம் தேய்ச்சுக் குடுங்க."

மாமா என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் இவர் காலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அரத்தை எடுத்து வந்து விளக்கடியில் உட்கார்ந்தார். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "பறவைக்குக் கொஞ்சம் மேல. அதையும் சேர்த்தே தேய்ச்சு எடுத்துடட்டுமா மாப்ள?"

"வேணாம். எடுத்தா காலு பலவீனமாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான் தம்பி. "எனக்கு நடக்கணும்."

நான் தையல் பெட்டியை எடுத்துக்கொண்டு, அவனுடைய மற்ற பேண்டுகளில் மிச்சம் இருந்த தையலையெல்லாம் பிரிக்க உட்கார்ந்தேன்.